ஒரே வாசல் உள்ள பாதை: ஈகிள் கிரீக், 2017 செப்டம்பர் 2

2017 செப்டம்பர் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஈகிள் கிரீக் ஓடையோரமாக நடந்து, பஞ்ச்பௌல் அருவியில் குளித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பலாம் என்று போன நூற்றைம்பது பேருக்கும் மேற்பட்டவர்கள் அன்றிரவு வீடு வந்து சேரவில்லை. போக இரண்டு மைல், வர இரண்டு மைல். கிலோமீட்டரில் ஆறரைகூட வராது. மறுநாள் அவர்கள் காட்டிலிருந்து வெளிப்பட்ட இடம் வாட்டம் ஏரிக்கரை. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே, ஓடையின் தலைமாட்டில் இருக்கிறது அந்த ஏரி. கார் சாவி கையில் இருந்தது. கார் நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றது.

இந்தத் தீயைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பட்டாசு கொளுத்திப் போட்ட பதினைந்து வயதுச் சிறுவன், எரிந்த காடு, நீதிமன்றம் விதித்த இழப்பீடு என்று பேச்சு அங்கேயே சுற்றி வருகிறது. பாதையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பாதைதான் உறுத்துகிறது. போர்ட்லாந்து போன்ற ஒரு பெருநகரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய, எல்லோரும் ‘சின்ன நடை’ என்று சொல்கிற ஓர் அருவிப் பாதை, ஒரே மாலையில் இத்தனை பேரை எப்படி உள்ளே வைத்துப் பூட்டியது? நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அருவிகளுக்கு வார இறுதியில் கிளம்புகிற எவரும் ஒரு முறையாவது இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அருவிக்கும் அடைப்புக்கும் காரணம் ஒன்றே

கொலம்பியா ஆறு காஸ்கேட் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடலை நோக்கிப் போகிறது. அந்த அறுவையின் இரு கரையும் கரிய பசால்ட் பாறை. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது அது. பிறகு, கடைசிப் பனியுகத்தின் முடிவில், இன்றைய மொன்டானா பக்கத்தில் பனிக்கட்டி அணையிட்டுத் தேக்கியிருந்த மிசூலா ஏரி பலமுறை உடைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்தது. அந்த வெள்ளங்கள் கரைச்சரிவுகளைச் செதுக்கிச் சுவராக நிமிர்த்திவிட்டன. பக்கவாட்டில் வந்து சேரும் சிறு ஓடைகளால் அந்த வேகத்துக்குத் தங்கள் படுகையை ஆழமாக்கிக்கொள்ள முடியவில்லை. உயரத்திலேயே நின்றுபோன அவை ஆற்றை எட்டுவதற்குக் குதித்தாக வேண்டியிருந்தது. 189 மீட்டர் விழும் மல்ட்னோமா அருவியும் அதன் அக்கம்பக்கத்து அருவிகளும் இப்படிப் பிறந்தவை.

ஈகிள் கிரீக் சற்றுப் பெரிய ஓடை. பாறையை அறுத்துத் தனக்கென ஓர் இடுக்கை உண்டாக்கிக்கொண்டு, அதற்குள்ளேயே படிப்படியாக விழுந்து இறங்குகிறது. அருவியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடுக்கிற்குள் நுழைய வேண்டும். இடுக்கு என்றால் இரண்டு பக்கமும் சுவர். அருவி எதனால் உண்டானதோ அதனால்தான் பக்கவழி இல்லாமலும் போகிறது. கடற்கரையிலோ புல்வெளியிலோ நடப்பவர் ஆபத்து வந்தால் நான்கு திசையில் ஏதாவது ஒன்றில் ஓடலாம். அருவிப் பாதையில் நடப்பவருக்கு முன்னால், பின்னால் என்று இரண்டே திசைதான். பின்னால் உள்ள வழி அடைபட்டால் மிச்சம் ஒன்று.

1910களில், ஆற்றோர நெடுஞ்சாலை போடப்பட்ட காலத்தில், இடுக்கின் சுவரிலேயே வெடி வைத்து இந்தப் பாதையை வெட்டினார்கள். மேல்நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். தீக்குப் பிறகு, 2021இல் பாதை மீண்டும் திறந்த பின்புதான் நான் முதன்முதலாக இங்கே நடந்தேன். சில இடங்களில் பாதை இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அகலம்தான். அங்கெல்லாம் பாறையில் இரும்புக் கொண்டி அடித்துக் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். வடத்தைப் பிடித்தால் கை நனைகிறது. மேலே உள்ள பாசியிலிருந்து சொட்டும் நீர் வடத்தின் மேலேயே ஓடிவருகிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க, மற்றவர் பள்ளத்தின் பக்கமாகக் கடக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது கண்ஜாடையில் முடிவாகிறது. இரண்டு பேருக்கு இது வேடிக்கை. புகை மூட்டத்தில், குழந்தைகளோடும் நாய்களோடும், நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் இந்த விளிம்பில் திரும்ப முயன்றால் என்ன ஆகும் என்று அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நினைத்தேன்.

பஞ்ச்பௌல் என்பது விருந்துகளில் பானம் கலந்து வைக்கும் வட்டக் கிண்ணத்தின் பெயர். ஓடை ஒரு குறுகிய பாறை வாய் வழியாகப் பீறிட்டு, ஏறத்தாழ பதினோரு மீட்டர் கீழே, கிண்ணம் போலக் குடைந்த ஒரு குளத்தில் விழுகிறது. மேலே நின்றால் அது பாதிதான் தெரியும். கிளைப்பாதையில் கீழே இறங்கி, முழங்கால் நீரில் நின்று பார்த்தால்தான் முழுமையாகக் கண்ணுக்கு வரும். அதனாலேயே கோடையில் இங்கே வருபவர்கள் நனையத் தயாராக வருவார்கள். நீச்சலுடை, ரப்பர் செருப்பு, ஒரு துண்டு, ஒரு புட்டி தண்ணீர். அன்று சிக்கியவர்களில் பலர் அந்தக் கோலத்தில்தான் இருந்தார்கள்.

பஞ்ச்பௌலோடு பாதை முடிந்துவிடுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அருவி பார்க்க வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் கடைசி இடம். பாதையோ அதைத் தாண்டிப் போகிறது. ஆறாவது மைலில் டனல் அருவி. அங்கே அருவிக்குப் பின்புறம் பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள் பாதை நுழைந்து வெளிவருகிறது. அதையும் தாண்டி ஏறினால், தொடக்கத்திலிருந்து பதின்மூன்று மைலுக்கு அப்பால், வாட்டம் ஏரி. அன்றைய நாளுக்கு முன் பஞ்ச்பௌலில் குளித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஏரியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

மாலை நான்கு மணி

அது தொழிலாளர் தின வார இறுதி. அமெரிக்காவில் கோடை விடுமுறையின் கடைசி மூன்று நாட்கள். போர்ட்லாந்தில் அந்த ஆண்டு கடும் கோடை. ஆகஸ்ட் 3 அன்று விமான நிலையத்தில் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 செல்சியஸுக்கு மேல், பதிவானது. மழை இல்லாத வாரங்கள் காட்டின் தரையைச் சருகுப் படுக்கையாக்கி வைத்திருந்தன. இன்னொன்றும் இருந்தது. ஓடையின் மேல்பகுதியில், மார்க் ஹேட்ஃபீல்ட் வனப்பகுதிக்குள், ஜூலை 4ஆம் தேதி தொடங்கிய இந்தியன் கிரீக் தீ இரண்டு மாதமாக அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

நான்கு மணி அளவில், பாதையில் நின்ற இளைஞர் கூட்டம் ஒன்றிலிருந்து ஒரு சிறுவன் புகைப்பட்டாசைக் கொளுத்திப் பள்ளத்துக்குள் எறிந்தான். உடனிருந்தவர்களில் ஒருவர் அதைச் செல்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த ஒரு பெண் இதைக் கண்ணால் பார்த்தார். காடு காய்ந்து கிடக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தவர், கீழே புகை எழுவதைக் கண்டதும் பாதையின் தொடக்கத்துக்கு ஓடிப்போய் வனத்துறை அலுவலரிடம் தெரிவித்தார். அந்த இளைஞர்கள் கிளம்புவதற்குள் காவலர்கள் அவர்களைப் பிடித்தார்கள். யாரால் எப்படிப் பற்றியது என்று ஒரு காட்டுத்தீயைப் பற்றி இவ்வளவு விரைவில் தெரியவருவது அபூர்வம். அந்தப் பெண் ஓடாமல் இருந்திருந்தால் நமக்கு இது இன்றும் ‘காரணம் அறியப்படாத தீ’யாகவே இருந்திருக்கும்.

தீ பற்றிய இடம்தான் இந்த நிகழ்வின் முடிச்சு. அது பாதையின் தொடக்கத்துக்கும் பஞ்ச்பௌலுக்கும் இடையே, பாதைக்குக் கீழே, ஓடைச் சரிவில் பற்றியது. தீயில் சூடேறிய காற்று மேலே எழுந்து, மேல்சரிவில் உள்ள செடிகளையும் சருகுகளையும் முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடும். அதனால் சமதரையைவிடச் சரிவில் தீ விரைந்து ஏறும். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் கைக்கணக்கு. இங்கே சரிவு கிட்டத்தட்டச் சுவர். பாதை அந்தச் சுவரின் நடுவயிற்றில் ஓடுகிறது. கீழே பற்றியது மேலே ஏற வேண்டுமானால் பாதையைக் கடந்தே ஆக வேண்டும். கடந்த பிறகும் பாதை திறந்துவிடாது. வேர் எரிந்த மரங்கள் சாயும். பாறையைப் பிடித்து வைத்திருந்த செடிகளும் வேர்களும் போனதும் கற்கள் உருளும். மேலேயிருந்து கொள்ளிக்கட்டைகள் சரிந்து விழும். சுடர் அடங்கிய இடத்தில்கூட ஆளை விட முடியாது.

ஆக, கீழே புதிய தீ. மேலே பழைய தீ. நடுவில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஐம்பது நிமிடமும் ஆறு மணி நேரமும்

மலை நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு அறுநூறு மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நல்ல உடல்வாகு உள்ளவருக்கு, ஓய்வைச் சேர்க்காமல். பஞ்ச்பௌலுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வரும். நீச்சலுடையில் கிளம்புவதற்குக் காரணம் அந்த ஐம்பது நிமிடம்தான்.

மீதம் இருந்த வழி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். அதே கணக்கில் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. ரப்பர் செருப்போடு, தூக்க வேண்டிய குழந்தையோடு, புகையை முகர்ந்துகொண்டு நடந்தால் அது ஆறில் நிற்காது. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே ஏழே முக்கால் மணி அளவில் சூரியன் மறையும். நான்கு மணிக்குத் தீ. அது பரவுவதை அறிந்து, ஒன்றுகூடி, எந்தப் பக்கம் போவது என்று தெளிவாவதற்குள் மாலை போய்விட்டது. இரவில் விளக்கில்லாமல், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் விளிம்புப் பாதையில் அத்தனை பேரை நடத்துவது, காத்திருப்பதைவிட ஆபத்து.

அவர்கள் காத்திருந்தார்கள். பள்ளத்தாக்குக்குள் செல்பேசி அலைவரிசை எட்டுவதில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குத் தகவல் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தவர்களுக்கு மலை எரிவது மட்டும் தெரிந்தது. மேலே ஹெலிகாப்டர்கள் ஆற்று நீரை மொண்டு வந்து தீயில் கொட்டிக்கொண்டிருந்தன. பகலில் குளிர்ச்சிக்காகத் தேடி வந்த ஓடை இரவில் வேறு மாதிரி ஆகியிருக்கும். நனைந்த துணி, வெறும் தோள், மலைக்காற்று. தீயின் நடுவே மனிதர்கள் குளிரில் நடுங்குவது நம்ப முடியாதது போலத் தோன்றும். மலையில் அது நடக்கிற ஒன்றுதான். ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நடந்துகொண்டிருக்கும்வரை தெரியாது, உட்கார்ந்த பிறகு தெரியும்.

மறுநாள், மீட்புக் குழுவினர் வழிகாட்ட, மேல்நோக்கி நடந்து வாட்டம் ஏரியை அடைந்தார்கள். அங்கிருந்து வாகனங்களில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. தப்பியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டு மைல் தொலைவில் கார் நிற்கிறது. புகைதானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். தெரிந்த வழி, கண் முன்னே இருக்கும் வழி, வீட்டுக்குப் போகும் வழி அது. காட்டுத்தீயில் இறந்தவர்களில் பலர் அப்படித் தெரிந்த வழியில் ஓடியவர்கள். இங்கே அந்தக் கூட்டம் ஓடவில்லை. சேர்ந்து இருந்தது, தீயிடமிருந்து விலகி இருந்தது, தெரியாத, நீளமான, ஏற்றமான வழிக்குச் சம்மதித்தது. முன்பின் அறிமுகமில்லாத நூற்றைம்பது பேர் இதைச் செய்வது எளிதல்ல. வெறும் பாறையும் ஓடும் நீரும் அருகில் இருந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது. எரிவதற்கு ஒன்றும் இல்லாத இடம்தான் தீயில் மிகப் பாதுகாப்பான இடம்.

ஒரு விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. மேலே இரண்டு மாதமாக ஒரு தீ எரிந்துகொண்டிருந்த நிலையில் கீழ்ப்பகுதி திறந்திருந்தது. தீ தொலைவில் இருந்தது, அருவிவரை போவோரை அது நேரடியாகத் தொடாது என்று பார்த்தால் அந்த முடிவில் பிழை காண முடியாது. தூரத்தை அளந்திருக்கிறார்கள். வாசல்களை எண்ணியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். இரண்டு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலில் தீ என்றால், மற்ற வாசல் வெறும் வாசலாக இருக்காது. அந்த வீட்டில் இருக்கும் எல்லோருடைய உயிரும் அந்த நிலைப்படியில்தான். அப்படிப்பட்ட வீட்டுக்குள், ஆண்டின் மிக நெரிசலான வார இறுதியில், கணக்கில்லாமல் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

காற்று திரும்பியது

நடந்தவர்கள் வெளியே வந்த மறுநாள், செப்டம்பர் 4 இரவு, கிழக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. காஸ்கேட் மலைத்தொடரில் கடல் மட்டத்தை ஒட்டிய இடைவெளி கொலம்பியா பள்ளத்தாக்கு ஒன்றுதான். மலைக்கு அப்பால் அழுத்தம் கூடினால் காற்றெல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தான் மேற்கே வர வேண்டும். ஒரே இரவில் தீ பத்து மைலுக்கு மேல் மேற்கே பாய்ந்தது. கங்குகள் அகலமான கொலம்பியா ஆற்றையே தாண்டி வாஷிங்டன் மாநிலக் கரையில் விழுந்து அங்கும் பற்றின. போர்ட்லாந்தின் தெருக்களில், நிறுத்தியிருந்த கார்களின் மேல், சாம்பல் உதிர்ந்தது. அன்றிரவு மல்ட்னோமா அருவியின் அடியில் 1925இல் கட்டப்பட்ட கல்மாளிகையைச் சுற்றித் தீயணைப்பு வீரர்கள் விடியும்வரை நின்று நீரைப் பீய்ச்சிக் காப்பாற்றினார்கள். போர்ட்லாந்துக்குக் குடிநீர் தரும் புல்ரன் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லைவரை தீ வந்தது. 84ஆம் எண் நெடுஞ்சாலை நாட்கணக்கில் மூடிக் கிடந்தது.

நவம்பர் 30 அன்றுதான் தீ முழுவதுமாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 48,800 ஏக்கர். அடுத்த ஆண்டு மே மாதத்தில்கூட ஒரு மூலையில் கங்கு புகைந்துகொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

சிறுவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2018இல் நீதிமன்றம் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், வனத்துறையில் 1,920 மணி நேரச் சமூக சேவையும் விதித்தது. பாதையில் சிக்கியவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னது. மே மாதம் 3.66 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. நிபந்தனைகளை மீறாமல் நடந்துகொண்டால் பத்தாண்டுகளுக்குப் பிறகு தவணை நிறுத்தப்படலாம் என்ற வழியும் வைக்கப்பட்டது. அவன் பாதுகாப்புக் கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை. அந்தத் தொகை பெரிதா, தண்டனை சிறிதா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அவன் கையிலிருந்து போன பொறி இல்லாவிட்டாலும், ஒரு சிகரெட் துண்டோ, மின்னலோ, பாறைச் சரிவோ அதே வழியை அடைத்திருக்கலாம். 2016 டிசம்பரில் இதே பாதையில் மெட்லகோ அருவியைப் பார்க்கும் மேடை நிலச்சரிவில் பிய்த்துக்கொண்டு ஓடைக்குள் போனது. அந்த மேடையைத் தேடி வருபவர்கள் இன்றும் ஏமாந்து போகிறார்கள்.

எரிந்த பின்

2021இல் பாதை திறந்தபோது காடு முழுக்கக் கரியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படி இல்லை. தீ ஓர் இடத்தில் தின்று, அடுத்த இடத்தைத் தொடாமல் தாண்டியிருந்தது. டக்ளஸ் ஃபிர் மரங்களின் அடிப்பட்டை கையகலத் தடிமனில் கருகி வெடித்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் பச்சை. பட்டையின் வெடிப்புக்குள் விரலை விட்டால் உள்ளே செம்பழுப்பு. விரல் நுனியில் மட்டும் கரி. பாறை விளிம்புகளில் ஃபயர்வீட் செடிகள் ஊதாப் பூவோடு நின்றன. வெயில் விழாத தரைக்கு வெயில் வந்ததும் முதலில் குடியேறுவது அதுதான்.

அழகாக இருந்தது. ஆனால் எரிந்த சரிவு ஆண்டுகள் பல கழித்தும் ஆபத்தானது. மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் மெல்ல மக்கிப் போகும். மழைக்காலத்தில் சேறும் கல்லும் மரத்துண்டும் கலந்து ஒரே குழம்பாக வடிகால் வழியே இறங்கும். 2021 ஜனவரியில் டாட்சன் அருகே எரிந்த பகுதிக்குக் கீழே அப்படி ஒரு சரிவு சாலையில் போன காரை அடித்துச் சென்று, ஓட்டிய பெண்ணின் உயிரைப் பறித்தது. பாதைகள் மழைக்குப் பின் மூடப்படுவது அதனால்தான். மூடிய சங்கிலியைத் தாண்டிப் போய் அருவியோடு படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களைத் தேடி இறங்க வேண்டியவர்களின் முகம் நினைவுக்கு வருகிறது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் மெல்ல வந்திருக்கிறது. 2022 கோடையில் மல்ட்னோமா அருவிக்கு நேரம் குறித்த அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது. அப்போது கட்டணம் இரண்டு டாலர். நெரிசலுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு என்றாலும், ஒரு மலையிடுக்குக்குள் எந்த நேரத்தில் சுமார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாருக்காவது தெரிந்திருப்பதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 2017இல் ஈகிள் கிரீக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

போன கோடையில் நண்பர் குடும்பத்தோடு பஞ்ச்பௌலுக்குப் போனேன். கிளம்பும் முன் அவருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். ஆறு கிலோமீட்டருக்கு எதற்கு இவ்வளவு மூட்டை என்று கேட்டார். மூட்டை ஒன்றும் பெரிதில்லை. ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு, காய்ந்த முழுக்கைச் சட்டை, கட்டிக்கொள்ளும் காலணி, கூடுதலாக ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு விசில். எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடப் பையில் பாதிகூட வரவில்லை. அதோடு ஒரு காகித வரைபடம். அருவியோடு நிற்கும் வரைபடமாக இல்லாமல் ஏரிவரைக்கும் உள்ளதாகப் பார்த்து வாங்கியது.

வண்டி நிறுத்துமிடத்தில், அலைவரிசை இருக்கும்போதே, வீட்டில் இருந்த நண்பரின் மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பினோம். எந்தப் பாதை, எத்தனை பேர், ஆறு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று. கடைசி வரியை நண்பரே சேர்த்தார்: கீழ்வழி அடைபட்டால் வாட்டம் ஏரிப் பக்கம் தேடவும். ஐந்தேகாலுக்குத் திரும்பி வந்து, ஈரத் துண்டைக் காரின் மேல் விரித்துப் போட்டுவிட்டு, முதல் வேலையாக அவரை அழைத்தோம்.